ஒரு விசில் என்றால் நிறுத்து

மன்னித்துவிடு, மனசு லேசாகும் என்று எனக்குப் புத்தி சொன்னவர்களில் ஒருவர்கூட ஃபோர்ஜிங் கம்பெனிக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர் இல்லை. நான் இருந்தேன். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் முதுகுப்பக்கம் எங்கள் தெரு. எங்கள் கொல்லைச் சுவரும் அந்தக் கம்பெனியின் மதிலும் ஒன்றுதான். பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டை அச்சில் வைத்து, மேலிருந்து ஆள் உயரச் சுத்தியலை இறக்கி அடித்து, வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்வார்கள். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் நாங்கள் பாய் விரிக்கும்வரை இரண்டு ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. கரண்ட் போனால் ஜெனரேட்டர். ஒவ்வோர் அடிக்கும் அலமாரியில் பாத்திரங்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளும், சுவர்க் காலண்டர் கோணிக்கொள்ளும். நான் போய் நேராக்குவேன். அது திரும்பவும் கோணிக்கொள்ளும்.

கல்யாணமாகி வந்த முதல் வாரம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சமைத்தேன். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. பழக்கம் என்பது எவ்வளவு அயோக்கியத்தனமான சங்கதி என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்தத் தெருவில் யாரும் வாயால் மட்டும் பேசுவதில்லை. குழாயில் தண்ணீர் வந்தால் கட்டை விரலை வாய்க்கு மேலே கவிழ்த்துக் காட்டுவோம். காஸ் வண்டி வந்தால் இரண்டு கையாலும் சிலிண்டரை உருட்டுவோம். சாப்பிட்டாயா, ஸ்கூல் விட்டாச்சா, மாமியார் வந்திருக்கிறாள் உஷார், எல்லாவற்றுக்கும் கை இருந்தது. வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், "இன்னாடி இது, ஊமைங்க தெரு மாதிரி கீது?" என்று சிரிப்பார்கள். நாங்களும் சேர்ந்து சிரிப்போம்.

என் மகள் பிறந்தபோது தெருவே அவளை மெச்சியது. பக்கத்தில் இடி இறங்கினாலும் தொட்டிலில் அசையாமல் தூங்குவாள். "சமத்துப் புள்ள. இந்த சத்தத்துலயே பொறந்துதில்ல, அதான்" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்றரை வயதில் கையாலேயே தண்ணீர் கேட்டாள், சோறு போதும் என்றாள், அப்பா கம்பெனி பஸ்ஸில் போய்விட்டார் என்றாள். பேச்சு வரவில்லையே என்று கேட்டவர்களிடம், எங்கள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பேச்சு லேட்டுதான் என்று அடித்துச் சொன்னேன். அது பொய்யும் இல்லை. வேறு எந்தத் தெருவாக இருந்தாலும் ஆறே மாதத்தில் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். கதவு படாரென்று சாத்தினால் திரும்பவில்லையே, நாய் குரைத்தால் திடுக்கிடவில்லையே என்று ஒருத்தியாவது கேட்டிருப்பாள். எங்கள் தெருவில் பெரியவர்களே எதற்கும் திடுக்கிடுவதில்லை.

அவளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தபோது ஆயுத பூஜை வந்தது. வருஷத்தில் அன்றைக்கு மட்டும்தான் பகலில் சுத்தியல் ஓயும். அதற்குச் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைப்பார்கள். கம்பெனி முதலாளி தன் கையாலேயே தெருப் பிள்ளைகளுக்குப் பொரிப் பொட்டலம் கொடுப்பார். "பசங்களா, வாங்க" என்று கூப்பிட்டார். எல்லாப் பிள்ளைகளும் ஓடின. என் மகள் அவருக்கு முதுகைக் காட்டியபடி மண்ணில் கோலி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் மறுபடியும் கூப்பிட்டார். கை தட்டினார். அன்றைய அமைதியில் அந்தக் கைதட்டல் தெருக்கோடிவரை கேட்டது. "இன்னாமா, உம் பொண்ணுக்கு இப்பவே இவ்ளோ திமிரா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அவளுக்குப் பின்னால் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு கத்தினேன். அவள் ஒரு கோலியை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் தலையில் ஒயர் ஒட்டிச் சோதித்தார்கள். இரண்டு காதும் கேட்காது என்றார்கள். பிறவியிலேயே அப்படி இருந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. "சுத்தியலாலயா மேடம்?" என்று மூன்று தடவை கேட்டேன். சொல்ல முடியாது என்று மூன்று தடவையும் சொன்னார். பிறகு ரிப்போர்ட்டைப் பார்த்தபடியே, "ஒரு வருஷம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா" என்றார். அந்தப் பேச்சுதான் என்னை வேறு ஆளாக்கியது. சுத்தியல் அவள் காதைக் கெடுத்ததா என்று சாமிக்குத்தான் வெளிச்சம். ஆனால் கெட்டிருந்த காதை இரண்டு வருஷம் என் கண்ணிலிருந்து மறைத்து வைத்தது அதுதான். அந்தத் திருட்டுக்கு நானே சாட்சி, எந்த ரிப்போர்ட்டும் எனக்குத் தேவையில்லை.

அரசாங்கக் காப்பீட்டில் ஆபரேஷன் நடந்தது. காதுக்குப் பின்னால் மெஷின் மாட்டி ஓடவிட்டார்கள். மாட்டியவுடன் கேட்டுவிடும் என்று நினைத்திருந்தேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மேடம்தான் விளக்கினார். சத்தம் உள்ளே போகும், எது என்ன சத்தம் என்று பிள்ளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டும், அதையும் இந்த வயதிலேயே கற்றால்தான் பேச்சு வரும். "வீட்ல அமைதியான ரூமா பாருங்க. காலைல அரை மணி, சாயங்காலம் அரை மணி. ஃபேன்கூட ஓடக் கூடாது" என்றார். ஃபேன்! நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சுத்தியல் ஆரம்பித்த பிறகுதான் அவள் எழுந்திருப்பாள், அது ஓய்வதற்கு முன்பே தூங்கிவிடுவாள்.

வீடு மாற்ற வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மாமனார் கட்டிய வீடு. அந்தச் சத்தத்தில் அதை வாடகைக்குக் கேட்கவும் ஆள் வரவில்லை, விலைக்குக் கேட்கவும் வரவில்லை. அதனால் நான் முதலாளியைப் பார்க்கப் போனேன். "சார், காலைல ஒரு அரை மணி, சாயங்காலம் ஒரு அரை மணி நிறுத்துங்க சார். கொழந்தைக்குப் பேச்சு வரணும்" என்று கை கூப்பிக்கொண்டு நின்றேன். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உலை எரிஞ்சிகினு இருக்கசொல்ல எப்டிமா நிறுத்தறது?" என்றார். பிறகு, ரொம்ப நியாயமான விஷயத்தைச் சொல்கிறவர் போல, "அதுவும் இல்லாம, காது கேக்காத புள்ளைக்கு சத்தம் இருந்தா இன்னா, இல்லாகாட்டி இன்னா?" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார் என்று என் வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். நல்ல எண்ணத்தில் சொன்னதாகவே வைத்துக்கொண்டாலும் எனக்கு ஆறவில்லை. அந்தச் சுத்தியல் நிற்க வேண்டும், என் பிள்ளைக்காக நிற்க வேண்டும், அது நிற்பதை அந்த ஆள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மூன்றாவது முக்கியம் என்று எனக்கே தெரிந்தது. அதற்காக நான் வெட்கப்படவில்லை.

திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று மனு கொடுத்தேன். கொஞ்ச நாளில் ஆபீஸர்கள் சத்தம் அளக்கும் மீட்டரோடு வந்தார்கள். ஜீப் எங்கள் தெருவுக்குள் திரும்புவதற்கும் சுத்தியல் நிற்பதற்கும் சரியாக இருந்தது. என் துவைக்கிற கல்மேல் மீட்டரை வைத்தார்கள். அது வேப்பமரத்து அணிலை அளந்துகொண்டிருந்தது. "எங்கம்மா சத்தம்? மனுவுல இடி மாதிரின்னு எழுதியிருக்கீங்க" என்றார் ஒருவர். இரண்டாவது மனுவுக்கும் அதே கதை. மதிலுக்கு அந்தப் பக்கம் முதலாளி யாரிடமோ உரக்கச் சிரித்தார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சிரித்தார். ஜீப் போன ஐந்தாவது நிமிஷம் என் பாத்திரங்கள் மறுபடி ஆட ஆரம்பித்தன.

பயிற்சி மேடம் வாங்கச் சொன்ன சாமான்களில் மணி, மேளம், விசில் மூன்றும் இருந்தன. பிள்ளைக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாக ஒலித்து, திரும்புகிறாளா என்று பார்க்க வேண்டும். மணியும் மேளமும் சுத்தியல் சத்தத்தில் போன இடம் தெரியவில்லை. விசிலைத் திருவள்ளூர் பஜாரில் வாங்கி வந்தேன், பஸ் கண்டக்டர்கள் வைத்திருக்கிற மாதிரி நல்ல அழுத்தமான விசில். காலையில் அவளைக் கொல்லையில் உட்கார வைத்து, முதுகுப்பக்கம் நின்று, மூச்சை நிறைய இழுத்து, நீளமாக ஒரு தடவை ஊதினேன்.

சுத்தியல் நின்றது.

கரண்ட் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடுகிற சத்தம், ஷட்டர் இறங்குகிற சத்தம், "காது மூடி எட்றா, சீக்கிரம் எட்றா" என்று ஒரு கூச்சல். துவைக்கிற கல்மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். ஒருவன் அவசரமாகப் பெருக்கிக்கொண்டிருந்தான். இன்னொருவன் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத காது மூடிகளை ஆளுக்கொன்றாக விநியோகித்துக்கொண்டிருந்தான். முதலாளி சட்டைப் பட்டனைப் போட்டபடியே ஓடி வந்து, கேட்டருகே, காலியான ரோட்டைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். வாட்ச்மேன் பாவம், தன் கழுத்தில் தொங்கிய விசிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷம் கழித்து வாட்ச்மேன் இரண்டு தடவை சின்னதாக ஊதினார். சுத்தியல் மறுபடி இறங்கியது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. பஸ் கணக்கு! ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் ரைட். எஸ்டேட் முனையில் இருக்கிற டீக்கடையிலிருந்து, ஆபீஸர் ஜீப்பைப் பார்த்ததும் வாட்ச்மேனுக்கு போன் வரும், அவர் ஊதுவார், ஜீப் வருவதற்குள் எல்லாரும் நல்லவர்களாகிவிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் இதே மாதிரி இரும்பு வேலைதான் செய்கிறார். சாயங்காலம் வந்ததும் கேட்டேன். "அந்த சத்தத்துல போனு கேக்காது, பல்பு போட்டா எவனும் நிமுந்து பாக்கமாட்டான். விசிலுதான் மெல்லிசா உள்ள பூந்துரும்" என்றார். "நடுவுல நிறுத்தினா அவங்களுக்குத்தான் பேஜாரு. காய்ச்சின துண்டு அச்சுலயே ஆறிட்டா திரும்ப உலையில போடணும். ரெண்டு வாட்டி ஆறுச்சின்னா ஸ்கிராப்புதான்." சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "வாணாம்டி" என்றார்.

வேணும் என்றேன்.

மறுநாளிலிருந்து வேளை மாற்றி வேளை ஊதினேன். ஒரு நாள் எட்டரைக்கு, ஒரு நாள் பதினொன்றுக்கு, ஒரு நாள் சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்துக்கு. இத்தனை வருஷம் அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தியது வீண் போகவில்லை. புதுத் துண்டின்மேல் முதல் அடி மந்தமாக விழும், அடுத்தடுத்த அடிகள் கணீரென்று ஏறும். மந்தமான அடி காதில் விழுந்ததும் விசிலை வாயில் வைப்பேன். சிவந்த துண்டு அவர்கள் அச்சிலேயே கறுத்துப் போகும். எனக்குப் பத்து நிமிஷ அமைதி கிடைக்கும். மகளை ரூமுக்குள் தூக்கிக்கொண்டு ஓடி, ஃபேனை அணைத்துவிட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து "அம்மா, அம்மா" என்று சொல்லுவேன். இரண்டாவது வாரம் மணிச் சத்தத்துக்குக் கண்ணை இமைத்தாள். மூன்றாவது வாரம் காக்கை கத்தியதற்கு ஜன்னலைப் பார்த்தாள். என் குரலுக்குத் திரும்பவில்லை. ஆனால் முதலாளி பட்டன் போட்டுக்கொண்டு ஓடிவருவதைப் பதினைந்து தடவையாவது பார்த்திருப்பேன். பழி வாங்குவதில் இவ்வளவு ருசி இருக்கிறதென்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

திட்டு வாங்கியதெல்லாம் வாட்ச்மேன். குடித்துவிட்டு ஊதுகிறாயா என்று முதலாளி அவரைக் கேட்பது எங்கள் வீட்டுக்குக் கேட்டது. ஒரு நாள் அவர் என் வாசலில் வந்து நின்றார். என் மகள் கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த விசிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாப்பா விசிலு நல்லா கேக்குதும்மா" என்றார். "நான் ஊதலன்னு சத்தியம் பண்ணாலும் அந்தாளு நம்பமாட்டேன்றாரு. இன்னும் ரெண்டு வருசம் ஓட்டிட்டா ஊருக்குப் போய்க்கினு இருப்பேன்." காபி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். நிறுத்துகிறேன் என்று நான் சொல்லவில்லை, மறுநாளும் ஊதினேன். அவருக்கு நான் செய்தது அநியாயம். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அப்போது கூசவில்லை.

கடைசியில் ஒரு நாள் மதிலுக்கு அந்தப் பக்கம் முதலாளி எல்லா ஆட்களையும் நிற்க வைத்துக் கத்தினார். "இனிமே விசிலு கேட்டு எவன்னா நிறுத்தினா அன்னிக்கே ஊட்டுக்குப் போய்டணும். நான் வந்து கைய காட்டினாத்தான் நிக்கணும். புர்தா?" அன்று நான் ஊதினேன். சுத்தியல் தன் பாட்டுக்கு இறங்கியது. மறுபடி ஊதினேன். நிற்கவில்லை. பிள்ளையின் பத்து நிமிஷமும் போயிற்றே என்று துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து அழுதேன். அந்த உத்தரவு எனக்கு எப்பேர்ப்பட்ட வரம் என்று உறைக்க இரண்டு நாள் ஆயிற்று. உறைத்ததும் முகம் கழுவிக்கொண்டு மூன்றாவது மனுவை எழுத உட்கார்ந்தேன்.

ஆபீஸர்கள் வந்த அன்று முதலாளி ஆர்டர் விஷயமாகக் கும்மிடிப்பூண்டி போயிருந்தார். நான் அதைத் திட்டமிடவில்லை, சாமி பார்த்துக் கொடுத்தது. ஜீப் முனை திரும்பியது. வாட்ச்மேன் கழுத்து நரம்பு புடைக்க ஒரு நீள விசில் ஊதினார். சுத்தியல் இறங்கியது. இன்னொரு நீள விசில். சுத்தியல் இறங்கியது. உள்ளே ஓடிப்போய் ஊதினார், கையையும் ஆட்டினார். ஆட்கள் இவருக்குப் பைத்தியம் முத்திப்போயிற்று என்று நினைத்திருக்க வேண்டும். கையைக் காட்ட வேண்டியவர்தான் ஊரில் இல்லையே! ஆபீஸர் மீட்டரைத் துவைக்கிற கல்மேல் வைத்தார். என்னிடம் ஏதோ கேட்டார், கேட்கவில்லை. என்ன என்று கையால் கேட்டேன். அவர் மீட்டரை என் பக்கம் திருப்பினார். அதிலிருந்த எண் எனக்குப் புரியவில்லை. அவர் முகம் புரிந்தது.

வீடுகளுக்குப் பக்கத்தில் அந்தச் சுத்தியல் ஓடக் கூடாது என்று உத்தரவு வந்தது. முதலாளி அதைக் கழற்றிக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கொண்டுபோக ஏற்பாடு செய்தார். கிரேன் வந்த அன்று நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்மேல் ஏறி நின்றேன். எந்தக் கூச்சமும் இல்லாமல், கல்யாணம் பார்க்கப் போனவள் மாதிரி நின்று பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார். "இப்ப சந்தோசமாமா?" என்றார்.

"எங்களுக்கு இன்னா சார்? காது கேக்காத புள்ளைக்கு சத்தம் இருந்தா இன்னா, இல்லாகாட்டி இன்னா?" என்றேன்.

அவர் கிரேன்காரனுக்குக் கையைக் காட்டினார். லாரி போயிற்று. ஆட்களில் சிலர் விடியற்காலை பஸ் பிடித்துக் கும்மிடிப்பூண்டிக்குப் போக ஆரம்பித்தார்கள். வாட்ச்மேனை முதலாளி கூட்டிக்கொண்டு போகவில்லை. அவர் ஊருக்குக் கிளம்பும்போது எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனார், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு அமைதி. தெருவில் எல்லோரும் பழக்க தோஷத்தில் கத்திவிட்டு, தங்கள் குரலுக்குத் தாங்களே பயந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் யாரோடும் பேச நிற்கவில்லை. எனக்கு வேலை இருந்தது. காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி, ஃபேனை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, மகளின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து "அம்மா, அம்மா" என்று சொன்னேன். மூன்று நாள் வாய் ஓயாமல் சொன்னேன். அவள் கோலிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் காலை பாதிப் பாடத்தில் எழுந்துவிட்டாள். கம்பெனிப் பக்கத்துச் சுவரிடம் போனாள். இரண்டு உள்ளங்கையையும் சுவரில் பதித்தாள். பிறகு மெஷின் மாட்டியிருந்த பக்கத்துக் கன்னத்தையும் அதன்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள். என் பக்கம் திரும்பி, எங்கே என்று எங்கள் தெருவில் கேட்பது போல விரல்களை விரித்து மணிக்கட்டைச் சுழற்றினாள். வாயைத் திறந்தாள்.

"டம்?" என்றாள்.

அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். மெஷின் மாட்டியதிலிருந்து உள்ளே போன எத்தனையோ சத்தங்களில் அவள் முதலில் அடையாளம் கண்டு வைத்துக்கொண்டது அதைத்தான். நான் பத்துப் பத்து நிமிஷமாகத் திருடித் திருடிச் சொல்லிக்கொடுத்த அம்மா இல்லை. அந்த ஆள் மேலிருந்த கோபம் லாரியோடு போய்விட்டது என்று மூன்று நாளாக நினைத்திருந்தேன். அது முதலிலிருந்து மறுபடியும் கிளம்பி வந்தது. என் பிள்ளையின் முதல் வார்த்தையையும் அள்ளிக்கொண்டல்லவா போயிருக்கிறான் படுபாவி! அந்தச் சத்தத்தை இல்லாமல் ஆக்கியதோ நான்.

இல்லை, போய்விட்டது என்று கையை ஆட்டிக் காட்டினேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "டம்?" என்று சுவரைத் தட்டிக் காட்டினாள். உதடு பிதுங்க ஆரம்பித்தது. நான் எழுந்துபோய் சுவரில் கையால் தட்டினேன். அவள் இல்லையென்று தலையாட்டினாள். முஷ்டியை மடக்கி, இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து ஓங்கிக் குத்தினேன். காலண்டர் கோணிக்கொண்டது.

"டம்" என்று சிரித்தாள்.

நான் மறுபடியும் குத்தினேன்.